குளத்துக்கு வெளியே நின்ற தண்ணீர்

மன்ற இதழுக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டார். இரசாயனம் படிக்கிறவன் அணுவைப் பற்றியோ விண்மீனைப் பற்றியோ எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பார். நண்பர்களே, நான் எழுதப்போவது ஒரு நீச்சற் குளத்துக்குப் பெயிண்ட் அடித்த கதை. அதுவும் கெட்டுப்போன கதை.

என் தந்தையார் கொத்தனார். விளவங்கோட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்து, வேலை தேடிக் களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்கு வந்தவர். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எங்கள் வீட்டுக்கும் பாட்டி வீட்டுக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரங்கூட ஆகாது. ஆனால் அங்கே போனால் நாங்கள் மலையாளத்தார். இங்கே வந்தால் தமிழர். இந்த வேடிக்கையை வேறொரு நாள் எழுதுகிறேன்.

நெய்யாற்றின்கரைக்கு அருகில் ஒரு பெரிய வீடு. தோட்டத்தில் எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள காங்கிரீட் குளம். பழைய பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது; தண்ணீரும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது. ஒழுக்கை அடைத்து நீல நிறம் பூசித் தரவேண்டும் என்று வீட்டுக்காரர் அப்பாவிடம் ஒப்பந்தம் பேசினார். சென்ற ஆண்டு மே மாதக் கடைசி அது. ஓணத்துக்குப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்களாம். அவர்கள் வருமுன் எல்லாம் முடிய வேண்டும்.

அப்பா தயங்கினார். “மழைக்காலத்துல குளத்த வத்த வைக்காண்டாம் மக்கா. தை கழியட்டும்” என்றார்.

நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். முதுகலை முதலாண்டு முடித்த மிடுக்கு தலையில் ஏறியிருந்தது. அப்பாவுக்கும் வீட்டுக்காரருக்கும் அங்கேயே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். காங்கிரீட் பார்வைக்குப் பாறைதான். உள்ளே எண்ணற்ற நுண்துளைகள். சிமெண்டு இறுகத் தேவையானதைவிட அதிக நீர் விட்டுக் குழைக்கிறோம். மிச்ச நீர் உலரும்போது வழி வைத்துவிட்டுப் போகிறது. சிமெண்டில் பிறக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடை ஊறிவரும் நீர் கரைத்து வெளியே கொண்டுவர, அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி வெள்ளையாகப் பூக்கிறது. ஆகவே அமிலம் விட்டுக் கழுவி, பாலிமர் கலந்த சிமெண்டால் துளைகளை மூடி, மேலே எப்பாக்சி பெயிண்டை இரண்டு தடவை பூசினால் போதும் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வீட்டுக்காரர் மகிழ்ந்து போனார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

குளத்தை வற்ற வைத்தோம். சுரண்டினோம், கழுவினோம். சுவரிலும் தரையிலும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, பிளாஸ்டிக் தாளை நாற்புறமும் ஒட்டி ஒரு நாள் விட்டு வைத்தேன். உட்புறம் ஒரு துளி வியர்க்கவில்லை. வெயில் காய்ந்த வாரம் அது, வேறென்ன காட்டும்? மழை வந்தால் நனையாதிருக்க மேலே தார்ப்பாய்க் கொட்டகையும் போட்டோம். மழை மேலேயிருந்துதான் வரும் என்பது அன்று என் எண்ணம்.

பெயிண்ட் அடித்து முடித்தோம். நீர் நிரப்புமுன் எப்பாக்சி இறுக ஏழு நாள் விடவேண்டும். அந்த ஏழு நாளில்தான் இடவப்பாதி இறங்கியது. நான்கு இரவு விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், நீலத் தரை முழுதும் பூரி பொங்கினாற்போலக் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கீறினேன், தண்ணீர் பீறிட்டது. நடுத்தரை மேடாகிக் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது.

குளத்திலிருந்து இருபதடி தள்ளி வீட்டுக் கிணறு. அப்பா நேரே அங்கே போனார். ஒரு நீண்ட குழாயில் நீர் நிரப்பி மட்டம் பிடித்துக் காட்டினார். கிணற்று நீர், குளத்தின் தரையைவிட அரை மீட்டர் உயரத்தில் நின்றது. அரை மீட்டர் நீர் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் கீழிருந்து ஐந்நூறு கிலோ தள்ளுகிறது; முப்பத்திரண்டு சதுர மீட்டருக்குப் பதினாறு டன். தரையின் கனம் பதினைந்து சென்டிமீட்டர். அதன் எடை ஏறக்குறைய பதினொன்றரை டன். குளம் நிறைந்திருந்தால் உள்ளே நிற்கும் நீரே தரையை அழுத்திப் பிடித்திருக்கும். அதை வெளியேற்றியவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான் இது. நான் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கிணற்றை ஒரு தடவையும் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் வந்தார். “மழை நேரத்தில் இதைச் செய்யலாம் என்று யார் சொன்னது?” என்று மலையாளத்தில் கேட்டார். அவருக்கே தெரியும், சொன்னவன் நான் என்று. அப்பா தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “என் தப்புதான் சாரே” என்றார். நான் வாய் திறக்கவில்லை. கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாக்கிப் பணம் நின்றது. சரிசெய்யும் செலவும் எங்கள் தலையில். அம்மாவின் சங்கிலி அடகுக்கு ஏறியது. என் இரண்டாமாண்டுக் கட்டணமும் அந்தச் சங்கிலியிலிருந்துதான் வந்தது.

இந்த ஆண்டு மாசியில் மறுபடி இறங்கினோம். தளம் ஒழுகாமலிருக்கச் சுண்ணாம்போடு செங்கல் தூளும் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து இடித்த தலைமுறையில் தொழில் கற்றவர் அப்பா. ஆனால் என் பாலிமரை அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. முதல் வேலையை மட்டும் மாற்றினார். குளத்தின் தாழ்ந்த பக்கம், தரைக்கும் கீழே போகும்படி ஒரு குழி வெட்டி, உறை இறக்கி மோட்டார் வைத்தார். வெளித் தண்ணீர் அதில் வடிந்த பிறகே குளத்தைத் தொட்டோம். தூக்கிய தரையை உடைத்துக் கம்பி கட்டிப் புதுக் காங்கிரீட் போட்டோம். மூலைகளைக் கூராக விடாமல் உருட்டிப் பூசினார் அப்பா. கூர் மூலையில்தான் முதலில் வெடிக்குமாம். இருபத்தெட்டு நாள் பொறுத்தோம்.

பெயிண்டுக்கு முன்பே நீர் நிரப்பி ஏழு நாள் பார்த்தோம். படியில் ஒரு வாளியை வைத்து, அதிலும் குளத்திலும் ஒரே மட்டத்தில் நீர். வெயில் குடிப்பது இரண்டிலும் ஒன்றுதானே. குளத்தில் அதிகம் குறைந்தால் அது ஒழுக்கு. ஏழு நாளும் இரண்டும் ஒன்றாகவே இறங்கின. அதன் பிறகுதான் மோட்டாரை ஓடவிட்டுக் குளத்தை வற்ற வைத்து நீலம் பூசினோம்.

பாக்கியில் பாதி வந்திருக்கிறது. சங்கிலி இன்னும் வரவில்லை. குழியை மூடாமல் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள்; அதை எட்டிப் பார்க்காமல் யாரும் குளத்தை வற்ற வைக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அந்த வீட்டுக் கிணற்றுக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சும் போட்டிருக்கிறார். சென்ற வாரம் மழை தொடங்கியதும் நான் விடுதியிலிருந்து பேசினேன். குளம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நெறஞ்சு கெடக்கு மக்கா. கயித்துல நாலு முடிச்சு நனஞ்சாச்சு” என்றார்.