‘அருளர்’ல இருந்து ‘கலா’வுக்கு

‘தளபதி’ படத்து ‘காட்டுக்குயிலு’ பாட்டும், பங்க் ராக் பிறக்கிறதுக்கு முன்னாடியே அதுக்கு வேர் போட்ட ‘ரோட்ரன்னர்’ பாட்டும் ஒரே டிராக்ல வந்து நீங்க கேட்டிருக்கீங்களா? இல்லைன்னா இந்தப் பக்கத்தை அப்படியே வச்சுட்டு ஹெட்போனை எடுங்க. எம்.ஐ.ஏ.வோட ‘கலா’ ஆல்பம், முதல் பாட்டு, ‘பாம்பூ பங்கா’. கேட்டுட்டு வாங்க, நான் எங்கயும் போகல.

செகண்ட் இயர்ல காலேஜ் பஸ் வாலாஜாபாத் தாண்டும்போது நான் அதை முதல்தடவை கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

எம்.ஐ.ஏ.ங்கிறது மாதங்கி அருள்பிரகாசம். லண்டன்ல பிறந்து, யாழ்ப்பாணத்துல வளர்ந்து, போர் காரணமா பத்துப் பதினோரு வயசுல அகதியா மறுபடி லண்டனுக்கே போனவங்க. இடையில கொஞ்ச காலம் சென்னைவாசமும் உண்டு. படிச்சது சினிமா. எலாஸ்டிகா பேண்ட் டூர் போனப்ப கூடவே போய் வீடியோ எடுத்தாங்க. அந்த டூர்லதான் பீச்சஸ்ங்கிற பாடகி மூலமா ரோலண்ட் எம்.சி.-505ங்கிற பெட்டி அறிமுகம் ஆச்சு. பீட் போடற மெஷின், அவ்வளவுதான். முறையா சங்கீதம் படிக்காத ஒருத்தங்க ரூமுக்குள்ள உட்கார்ந்து அதைத் தட்டித் தட்டி உருவாக்கினதுதான் 2005ல வந்த ‘அருளர்’. கிடார் இல்லையே, இது எப்படி பங்க்னு எங்க டிரம்மர் சண்டைக்கு வருவான். மூணு கார்டு தெரிஞ்சா போதும், மேடை ஏறுன்னு சொன்னதுதானே பங்க்? இவங்களுக்கு அந்த மூணு கார்டும் தேவைப்படல.

அடுத்த ஆல்பத்துக்கு அமெரிக்கா போய், டிம்பலாண்ட் மாதிரி பெரிய தயாரிப்பாளரோட வேலை செய்யறதுதான் பிளான். 2006ல விசா கிடைக்கல. நம்ம ஆளுங்களுக்கு அந்த வலி தெரியும். எங்க சீனியர் ஒருத்தர் அட்மிட் லெட்டரை லேமினேட் பண்ணி வச்சிருக்கார், விசா மட்டும் வரல.

அமெரிக்கக் கதவு மூடினதும் அவங்க மத்த ஊர்களுக்குக் கிளம்பிட்டாங்க. டிரினிடாட், ஆஸ்திரேலியா, அப்புறம் நம்ம கோடம்பாக்கம். ஏ.ஆர். ரஹ்மானோட ஸ்டுடியோவுல சென்னை மேளக்காரங்களைக் கூட்டமா உட்கார வச்சு ரெக்கார்ட் பண்ணாங்க. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ரெண்டுலயும் உறுமி மேளம் எப்படி இறங்குதுன்னு கேளுங்க. ‘பேர்ட் ஃப்ளூ’வுக்குள்ள நம்ம ‘ஜெயம்’ படத்துப் பாட்டோட துண்டு ஒண்ணு கூட இருக்கு.

முதல் ஆல்பம் ஒரு மெஷினோட சத்தம்னா, 2007ல வந்த ‘கலா’ ஒரு கூட்டத்தோட சத்தம். இதை ‘பாலிஷ் ஆயிட்டாங்க’ன்னு சொல்ல முடியாது. இன்னும் கரடுமுரடாத்தான் ஆனாங்க. கிளாஷ் பேண்டும் இப்படித்தான். 1977ல வேகவேகமா ஒரு ஆல்பம், 1979 கடைசியில ‘லண்டன் காலிங்’. உள்ள ரெகே, ஸ்கா, ராக்கபில்லி எல்லாம் குடி வந்திருக்கும். அதே கிளாஷோட ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ பாட்டுலேர்ந்து எடுத்த இசைதான் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்கு அடியில ஓடுது. விசா கிடைக்காத ஆள், விசாவை வச்சே கிண்டல் பண்ணின பாட்டு. அமெரிக்காவுல பெரிய ஹிட்டும் ஆச்சு!

‘அருளர்’ அப்பாவோட பேர், ‘கலா’ அம்மாவோட பேர். இங்கதான் நான் மாட்டிக்கிட்டேன்.

எங்க அப்பா காஞ்சிபுரத்துல கூலிக்குப் பட்டு நெய்றவர். இங்கிலீஷ் மீடியம் ஃபீஸ் முழுக்க அந்தக் குழித்தறியிலேர்ந்து வந்தது. ஸ்கூல் ஃபார்ம்ல அப்பா தொழில்னு இருக்கிற கட்டத்துல ‘சில்க் பிசினஸ்’னு எழுதுவேன். பன்னிரண்டாவது வரைக்கும் எழுதினேன். ஃபிரெண்ட்ஸ் போன்ல பேசும்போது தறிச் சத்தம் கேட்டுடக்கூடாதுன்னு மாடிக்கு ஓடுவேன். ஆடி மாசம் தெரு அம்மன் கோயில்ல பம்பை, உடுக்கை ஆரம்பிச்சா கதவைச் சாத்திட்டு கிரீன் டே கேட்ட ஆள் நான். அன்னைக்கு பஸ்ல எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணு. நான் கதவு சாத்தின சத்தத்தைத் தேடி ஒருத்தங்க லண்டன்லேர்ந்து கோடம்பாக்கம் வந்திருக்காங்க.

எங்க பேண்ட் நாலு பேர். மூணு வருஷமா வெறும் கவர் சாங்ஸ்தான். ஃபைனல் இயர்ல சொந்தமா ஒரு பாட்டு வேணும்னு முடிவாச்சு. போன மாசம் தறிக்குப் பக்கத்துல போனை வச்சேன். “எதுக்குடா இந்தச் சத்தம் எல்லாம்?”னு அப்பா கேட்டார். பாட்டுக்குன்னு சொன்னேன். “பாட்டா?”ன்னு சிரிச்சுட்டு நெய்ய ஆரம்பிச்சார். கோர்வைப் புடவை, அதாவது கரை ஒரு நிறம், உடல் வேற நிறம், ரெண்டையும் இழைக்கு இழை கோத்துக்கிட்டே நெய்யணும். தனியா முடியாது. அம்மா பக்கத்துல உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளினாங்க. மிதி, நாடா, அம்மா கை, பலகை. நாப்பது நிமிஷம் ரெக்கார்ட் ஆச்சு.

பிரச்சினை என்னன்னா கிளிக் டிராக் உட்காரவே இல்லை. அப்பா வேகம் ஏறுது, இறங்குது. நடுவுல ஒரு இழை அறுந்து, அதை முடிச்சுப் போடற வரைக்கும் ஒண்ணுமே இல்லை, தெருவுல போற பைக் மட்டும் கேக்குது. அந்த இடத்தை வெட்டிடலாம்னு டிரம்மர் சொல்றான். ஒரே டெம்போவுக்கு இழுத்துடலாம், சாஃப்ட்வேர் இருக்குன்றான். பாடறவன், “இது ரொம்ப லோக்கலா இருக்குடா, ஜட்ஜுக்குப் புரியுமா?”ன்றான். நான் இன்னும் எதையும் வெட்டல. நேத்து ராத்திரி பேஸ் வாசிக்கிறவன் மட்டும் வீட்டுக்கு வந்தான். அந்த முடிச்சுப் போடற இடத்துல கிடாரை மடியில வச்சுட்டுச் சும்மா காத்திருந்தான். பலகை மறுபடி விழுந்ததும் சேர்ந்துக்கிட்டான்.