சதுர அலையும் நானும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையா?"

சுடச்சுடத் தட்டில் விழுந்த களி உருண்டையில் அவசரமாக விரலை வைத்துவிட்டு நான் கையை உதறும்போதெல்லாம் அம்மா கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை தெரிய எனக்கு இருபது வயது ஆக வேண்டியிருந்தது. விடை கிடைத்த இடம் அடுக்களை அன்று; நம் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடம்.

சென்ற ஆண்டு ஒரு செய்முறை வகுப்பு. ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி ஆகிய இரண்டே உறுப்புகள் கொண்ட மின்சுற்று. அதற்குள் வெவ்வேறு வடிவ அலைகளைச் செலுத்தி, மின்தேக்கியின் இரு முனைகளிடையே என்ன வருகிறது என்று அலைகாட்டியில் பார்த்து வரைய வேண்டும். மின்தடை 10 கிலோ ஓம், மின்தேக்கி 0.1 மைக்ரோ பாரட். நாங்கள் மூவர் ஒரு குழு. 1000 ஹெர்ட்ஸ் சதுர அலையை, அடிமுதல் முடிவரை 4 வோல்ட் உயரத்தில் செலுத்தினோம். திரையில் என்ன வந்தது தெரியுமா? சதுரத்தைக் காணோம்! ஏறக்குறைய 1 வோல்ட் உயரத்தில், முக்கோணங்களை வரிசையாக அடுக்கியதுபோல ஒரு ரம்பப் பல் வரிசை.

சுற்றில் ஏதோ தவறு என்று நினைத்தோம். கம்பியை மாற்றினோம், மின்தேக்கியை மாற்றினோம். மீண்டும் அதே பற்கள். மணி அடித்துவிட்டது. "சதுரம் போனால் சதுரம்தானே வர வேண்டும்?" என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, ரெக்கார்டு நோட்டில் அளவுகோல் வைத்து அழகான சதுரங்களாக வரைந்துவிட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர். ஆகவே நண்பர்கள் இருவரும் என் நோட்டைப் பார்த்தே எழுதினார்கள்.

அடுத்த வாரம் எங்கள் விரிவுரையாளர் மூன்று நோட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, "ஏம்பா, இது நீ பார்த்ததா, நினைச்சதா?" என்று மட்டும் கேட்டார்.

"பார்த்தது வேற மாதிரி இருந்துச்சுங்க ஐயா. சுத்து தப்புன்னு நினைச்சு..."

"தப்பு சுத்துல இல்லப்பா."

மூன்று பக்கங்களிலும் சிவப்புக் கோடு விழுந்தது. மூவரும் மாலையில் வந்து மறுபடி செய்ய வேண்டும் என்றார். என் நண்பர்களில் ஒருவன் கல்லூரி விட்டதும் கடை ஒன்றில் வேலைக்குப் போகிறவன். அன்றைய கூலி அவனுக்குப் போயிற்று. அவன் என்னை ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலை விரிவுரையாளர் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: "வேகத்தைக் குறைச்சுப் பாருங்க." அலையை 100 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தோம். அதோ சதுரம்! முனைகள் மட்டும் சற்று மழுங்கியிருந்தன. 10,000 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினோம். பற்கள் 0.1 வோல்ட் அளவுக்குச் சுருங்கி, கிட்டத்தட்ட ஒரு நேர்க்கோடாகிவிட்டன. சுற்று ஒன்றுதான், அதற்குக் கொடுத்த அவகாசம்தான் வேறு.

ஏன் இப்படி? மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கினால் வருவது 1 மில்லி விநாடி. இதற்குக் கால மாறிலி என்று பெயர். மின்னழுத்தத்தைத் திடீரென உயர்த்தினால், மின்தேக்கி ஒரு கால மாறிலியில் 63 விழுக்காடு நிறையும், மூன்றில் 95, ஐந்தில் 99-ஐத் தாண்டும். 100 ஹெர்ட்ஸ் அலையில் ஒவ்வொரு அரைச் சுற்றும் 5 மில்லி விநாடி. முழுதாக நிறையப் போதும். 1000 ஹெர்ட்ஸில் கிடைப்பது அரை மில்லி விநாடிதான். ஏறத் தொடங்கும்போதே "இறங்கு" என்று கட்டளை வந்துவிடுகிறது. பாவம், அது என்ன செய்யும்?

அந்த வார இறுதியில் பென்னாகரம் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கிணற்றடியில் மோட்டார் தண்ணீர் விழும் பெரிய தொட்டி ஒன்றும், மாடு குடிக்கும் சிறிய தொட்டி ஒன்றும் உண்டு. இரண்டையும் அடியில் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. மின்சாரம் வந்ததும் பெரிய தொட்டி மளமளவென்று நிறையும். மாட்டுத் தொட்டியில் மெல்ல மெல்ல ஏறும். மோட்டார் நின்றால் பெரிய தொட்டி வாய்க்கால் வழியே வடிந்துவிடும். மாட்டுத் தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியே மெதுவாகத் திரும்பும். மின்சாரம் அடிக்கடி வந்து வந்து போனால் மாட்டுத் தொட்டியின் நீர்மட்டம் அதிகம் ஆடாமல் நடுவில் நிற்கும். குழாய்தான் மின்தடை, தொட்டிதான் மின்தேக்கி, மோட்டார் அனுப்புவது சதுர அலை! சிறு வயது முதல் பார்த்த ஒன்றை அன்றுதான் கண்டேன்.

பிற அலைகளையும் சொல்லிவிடுகிறேன். முக்கோண அலையை மிக வேகமாகச் செலுத்தினால் கூர்முனைகள் வளைந்து, சைன் அலை போன்ற தோற்றம் வரும். சைன் அலையோ எவ்வளவு வேகத்தில் போனாலும் சைன் அலையாகவே வரும்; உயரம் குறையும், சற்றுப் பின்தங்கும், அவ்வளவுதான். எங்கள் சுற்றில் 159 ஹெர்ட்ஸில் உயரம் 70.7 விழுக்காடாகக் குறைந்து, 45 பாகை பின்தங்கியது. எந்தச் சுழல் அலையையும் சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற வழியை ஃபூரியே 1822-இல் வெளியிட்ட வெப்பவியல் நூலில் காட்டினார். சதுரத்தின் கூர்மை அதிலுள்ள உயர் அதிர்வெண் அலைகளால் வருவது. அவற்றைச் சுற்று அடக்கிவிடுவதால்தான் முனை மழுங்குகிறது. மின்தடையையும் மின்தேக்கியையும் இடம் மாற்றி, மின்தடையின் முனைகளில் பார்த்தாலோ, மெதுவான சதுர அலை வெறும் முட்களாக வருகிறது. மின்விசிறி ஓடும் ஓசை நம் காதில் படாது, நின்றால்தான் திடுக்கிடுவோம். அந்தச் சுற்றும் அப்படியே, மாற்றத்தை மட்டுமே கவனிக்கிறது.

எங்கள் தவற்றைப் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஓர் ஆறுதல். கடலடித் தந்திக் கம்பியும் நீண்டதொரு மின்தடை–மின்தேக்கிச் சுற்றே. கம்பி இரு மடங்கு நீண்டால் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, ஃபூரியேயின் கணிதத்தைக் கொண்டே 1855-இல் வெளியிட்டார். 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட கம்பியில், அரசியாரின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி சென்று சேர 16 மணி நேரம் பிடித்தது. பொறுக்காமல் உயர் மின்னழுத்தத்தைப் பாய்ச்சினார்கள். சில வாரங்களிலேயே கம்பி செத்துவிட்டது.

இந்த மந்தத்தால் நன்மையும் உண்டு. நம் தருமபுரி வானொலி நிலையத்தின் பண்பலை ஒலிபரப்பில் உயர் அதிர்வெண் ஒலிகளைத் தூக்கி அனுப்புகிறார்கள். நம் வீட்டு வானொலியிலுள்ள 50 மைக்ரோ விநாடிக் கால மாறிலி கொண்ட சுற்று அவற்றைப் பழைய அளவுக்கு இறக்குகிறது. கூடவே இரைச்சலும் இறங்கிவிடுகிறது. பாட்டு தெளிவாகக் கேட்பது அந்த மந்தத்தின் தயவுதான்!

தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். முதலாண்டில் ஆங்கிலப் பாடம் ஒவ்வொன்றும் எனக்கு வேகமான சதுர அலைதான். ஏறுவதற்குள் இறங்கிவிடும். 'நான் மந்தம்' என்று முடிவுகட்டி, படிப்பை நிறுத்த நினைத்த நாளும் உண்டு. இப்போது அப்படி எண்ணுவதில்லை. எனக்கும் ஒரு கால மாறிலி இருக்கிறது. அதைப்போல் ஐந்து மடங்கு அவகாசம் கொடுத்தால் நானும் நிறைவேன். இப்போது அடுத்த நாள் பாடத்தை முதல் நாள் இரவே படித்துவிட்டு வருகிறேன்.

ஆனால் மந்தம் வேறு, பொய் வேறு. சுற்று தனக்குக் கிடைத்த நேரத்தில் முடிந்ததை அப்படியே காட்டியது. நான்தான் காணாத சதுரத்தை வரைந்தேன். ஒரு நாள் கூலியை இழந்த என் நண்பனிடம் அதை நான் இதுவரை நேரில் சொன்னதில்லை. இந்த மலரை அவன் படிப்பான். நண்பா, தப்பு சுற்றில் இல்லை, என்னிடம்தான்.