காட்டு நெல்லி: ஒரு திருத்தம்

சில வருஷங்களுக்கு முன், நண்பர் ஒருவர் மொழிபெயர்த்த ஜாம்பியச் சிறுகதை ஒன்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதியிருந்தேன். கதையில் ஒரு சிறுமி, வீட்டில் தானியம் தீர்ந்துபோன நாட்களில், காட்டுக்குப் போய் மசூக்கு என்ற பழத்தைப் பொறுக்கிக்கொண்டு வருகிறாள். ஆங்கிலப் பிரதியில் அந்தச் சொல்லுக்குக் 'காட்டு லோக்காட்' என்று விளக்கம் கொடுத்திருந்தார்கள். நண்பர் அதைக் 'காட்டு நெல்லி' ஆக்கிவிட்டார். ஆப்பிரிக்கக் காட்டை நம் கொல்லைப்புறத்துக்கு இழுத்துவரும் சோம்பேறித்தனம் இது என்று நான் ஒரு முழுப் பாரா எழுதினேன். பசியும் பழமும் ஒரே சமயத்தில் வந்து சேர்வது கதாசிரியரின் சௌகரியம் என்றும் எழுதினேன். எழுதும்போது எனக்கு சந்தோஷமாகவே இருந்தது. நண்பர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவர் மொழிபெயர்க்கவும் இல்லை.

சமீபத்தில்தான் அந்த மரத்தைப் பற்றிப் படித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டும்.

தாவரவியலில் அதன் பெயர் உவாபகா கிர்கியானா. கிர்க் என்பவர் 1858-ல் தொடங்கிய லிவிங்ஸ்டனின் ஜாம்பெஸிப் பயணத்தில் வைத்தியராகவும் தாவரவியலாளராகவும் போன ஸ்காட்லாந்துக்காரர். ஊர்க்காரர்களுக்கு அது மசூக்கு. ஷோனா மொழியில் மஷாஞ்சே. அங்கோலாவிலிருந்து மொசாம்பிக் வரை பரந்து கிடக்கும் மியோம்போக் காடுகள்தான் அதன் இடம். காடு என்றதும் நமக்கு இருட்டும் கொடிகளும் ஞாபகம் வருகின்றன. மியோம்போ அப்படியல்ல. மரங்களுக்கு நடுவே வெயில் விழுந்து, கீழே புல் வளரும் காடு. வருஷத்தில் ஐந்தாறு மாதம் மழையில்லாமல் காயும். தீ வந்து புல்லை எரித்துவிட்டுப் போகும். மழைக்கு முன்பே, செப்டம்பர் வாக்கில், துளிர்க்கத் தொடங்கும். அந்தத் துளிரும் பச்சையாக இருப்பதில்லை. செம்பு நிறத்திலும் சிவப்பிலும் காடு மாறி நிற்கும்.

மசூக்கு இதில் பெரிய மரம் அல்ல. பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் நின்றுவிடுகிறது. தடித்த பெரிய இலைகள் கிளை நுனிகளில் கொத்தாக இருக்கும். ஆழமில்லாத சரளை மண், சத்தற்ற சரிவு, இவையே அதற்குப் போதும். வேர்களோடு சில பூஞ்சைகள் சேர்ந்து வாழ்கின்றன. அவை மண்ணிலிருந்து பாஸ்பரஸைத் திரட்டித் தர, மரம் அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. நாற்றங்காலில் கன்று வளர்ப்பவர்கள் காட்டு மண்ணைக் கலப்பது இதற்காகத்தான். விதை காய்ந்தால் செத்துவிடும். வைத்திருந்து விதைக்க முடியாது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும் வரை எது எதுவென்று தெரியாது. விதையிலிருந்து வந்த மரம் காய்க்கப் பத்து வருஷம் கூட ஆகலாம். ஒட்டுக்கட்டினால் சில வருஷங்களில் காய்க்கிறது. நான் வங்கியில் விவசாயக் கடன் மேசையில் உட்காருகிறவன். தென்னைக்கும் மாவுக்கும் எத்தனையாவது வருஷம் காய்ப்பு, எப்போது முதல் தவணை என்று எங்களிடம் கணக்கு உண்டு. பாதி மரம் காய்க்காமலே போகலாம் என்ற இந்த மரத்துக்கு எந்த மேனேஜரும் கையெழுத்துப் போடமாட்டார்.

ஆனால் காட்டை வெட்டி வயலாக்குகிறவர்கள்கூடப் பல இடங்களில் இந்த மரத்தை வெட்டாமல் விட்டுவைக்கிறார்கள். காரணம் பழம். உருண்டையாக, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். கெட்டித் தோலை உடைத்தால் மஞ்சள் சதையும் மூன்று நான்கு விதைகளும். பேரிக்காயின் ருசி என்கிறார்கள். மலாவியில் இதிலிருந்து ஒயின் செய்கிறார்கள். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை பழுக்கிறது. அதாவது, போன வருஷத்து மக்காச்சோளம் தீர்ந்து, புதியது இன்னும் வயலில் பச்சையாக நிற்கும் மாதங்களில். அங்கே அதுதான் பசிக் காலம். பசியையும் பழத்தையும் கதாசிரியர் சேர்த்து வைக்கவில்லை. அவை சேர்ந்தேதான் வருகின்றன. அந்த ஊர்ச் சிறுமிக்குத் தெரிந்த இந்த விஷயம் தெரியாமல் நான் கதையின் அமைப்பைக் குறை சொல்லியிருக்கிறேன்.

இனி பெயர். பழைய நூல்கள் இந்த மரத்தையும் நெல்லியையும் ஆமணக்குக் குடும்பத்தில் சேர்த்திருந்தன. அந்தப் பெரிய குடும்பத்தைப் பின்னால் பிரித்தார்கள். 2003-ம் வருஷத்து வகைப்பாட்டில் இந்தப் பிரிவினையைக் காணலாம். ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் எல்லாம் ஒரு பக்கம் நின்றுவிட்டன. நெல்லி, கீழாநெல்லி, மசூக்கு மூன்றும் இன்னொரு குடும்பமாகச் சேர்ந்து வந்தன. லோக்காட்டுக்கும் இதற்கும் அப்படி எந்த உறவும் இல்லை. அது ரோஜாக் குடும்பம், சீனத்து மரம். பழத்தின் தோற்றத்தைப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த ஒன்றின் பெயரை வெள்ளைக்காரர்கள் இதற்கும் சூட்டிவிட்டார்கள். நண்பர் செய்ததாக நான் குற்றம் சாட்டியதும் இதே காரியத்தைத்தான். அது ஆங்கிலத்தில் இருந்ததால் எனக்குத் துல்லியமாகப் பட்டது. பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவனின் வியாதி இது.

இதனால் 'காட்டு நெல்லி' சரியான மொழிபெயர்ப்பு ஆகிவிடாது என்றே இன்றும் நினைக்கிறேன். நெல்லி என்றதும் தமிழ் வாசகனுக்கு நாக்கில் புளிப்பும் துவர்ப்பும் வரும். கதையின் சிறுமி தின்பது இனிப்பு. மசூக்கு என்றே விட்டிருக்கலாம். நண்பர் குடும்ப உறவு தெரிந்து அப்படி எழுதினாரா, வாய்க்கு வந்ததை எழுதினாரா என்று நான் கேட்டதில்லை. எதுவானாலும், சோம்பேறித்தனம் என்ற வார்த்தையைப் பிரயோகிக்க எனக்கு யோக்கியதை இருக்கவில்லை. அகராதியைக்கூடப் புரட்டாமல் எழுதியவன் நான்.

இதை அவருக்குக் கடிதமாகப் போட்டிருக்கலாம். விமர்சனம் அச்சில் வந்தது. திருத்தமும் அச்சில் வருவதுதான் நியாயம். அந்தச் சமயத்தில் இன்னும் இரண்டு கதைகளை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். அவை இன்னும் அவரிடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.