ஈற்றெழுத்தில் ஓர் எல்லை

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறும், மண் மாறாது. அதே தென்னையும் மரச்சீனியும் செம்மண்ணும் தொடரும். நாம் இஞ்சிவிளை என்பதைப் பலகை ‘இஞ்சிவிள’ என்னும். பாறசாலை ‘பாறசால’ ஆகும். நெய்யாற்றின்கரை ‘நெய்யாற்றின்கர’ ஆகும். ஈற்று ஐகாரம் அகரமாவதே இங்குச் செவிக்குப் புலனாகும் எல்லை.

நாடு விடுதலை பெற்றபின் ஊர்ப்பெயர்களை மீட்கும் வேட்கை எங்கும் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. அயலார் தம் நாவுக்கேற்பச் சிதைத்த பெயரைச் சொந்த மண்ணிலேயே சுமந்து திரிதல் எவர்க்கும் இழிவே. தமிழ்நாடு என்னும் பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13-இல் உயிர் துறந்தார். அப்பெயர் 1969-இல் நடைமுறைக்கு வந்தது. 1991-இல் ‘டிரிவாண்ட்ரம்’ நீங்கித் திருவனந்தபுரம் நிலைத்தது. 1996-இல் ‘மெட்ராஸ்’ நீங்கிச் சென்னை நிலைத்தது. இவற்றையெல்லாம் நாம் மகிழ்ந்தே வரவேற்றோம்.

ஆயின் எல்லைப்புற ஊர்களின் வழக்கு வேறு. நெய்யாறு அகத்தியமலைப் பகுதியில் தோன்றிப் பூவாற்றருகே கடலை அடைகிறது. அதன் கரையில் அமைந்த ஊருக்குத் தமிழர் வழங்கும் பெயரும் மலையாளிகள் வழங்கும் பெயரும் பொருளால் ஒன்றே. இரண்டும் இம்மண்ணின் வழக்கே. எனினும் 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நேசமணி முதலியோர் முன்னின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதன்பின் ஈற்றெழுத்தும் சான்று கேட்கும் பொருளாயிற்று.

நம் குடும்பத்திலேயே இதனைக் கண்டோம். பாட்டனார் காலத்து நிலப்பத்திரம் மலையாளத்தில் அமைந்தது. அதில் ஊர்ப்பெயர் ‘விள’ என்று முடிந்தது. எல்லைக்கு அப்பால் தமிழ்ப் பள்ளியில் பயின்ற தந்தையாரின் சான்றிதழில் அதுவே ‘விளை’ என்று முடிந்தது. இரண்டையும் ஆங்கில எழுத்தில் பெயர்த்தபோது இரண்டு ஊர்கள் போலத் தோன்றின. ஓர் அலுவலகத்தில், இரண்டும் ஒன்றே என உறுதிமொழிப் பத்திரம் கொண்டுவருக என்றனர். வீடு திரும்பிச் சொன்னபோது அன்னையார் கேட்டார்: “மக்களே, பிறந்ததும் இஞ்ச, வாக்கப்பட்டதும் இஞ்ச. எனக்கு எப்பம் ரெண்டு ஊரு உண்டாச்சு?” அவ்வினாவுக்கு நம்மிடம் விடையில்லை. பத்திரத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்தோம்.

நம்மவருள் சிலர், ‘ஐகாரமே பழமை, பலகைகளைத் திருத்துக’ என்பர். அயல்வீட்டு மலையாள நண்பர் தம் பாட்டியார் வழங்கிய ஒலியே உண்மை என்பார். இருவர் பாட்டியரும் பொய் சொன்னவர் அல்லர். ஆங்கிலேயர் திரிபை நீக்குவது மீட்பு; அண்டை வீட்டார் உச்சரிப்பைப் பிழையெனத் திருத்துவது ஆங்கிலேயர் செய்த அதே வேலை. இதனை நம் பக்கத்தார்க்கும் அப்பக்கத்தார்க்கும் சேர்த்தே சொல்கிறோம்.

பெயர் மாற்றம் ஆணையால் மட்டும் முடிவதும் அன்று. 2020-இல் தமிழ்நாட்டரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்ற ஆணை வெளியிட்டது. எழுத்துமுறை பற்றிய பூசல் எழவே அவ்வாணை விரைவில் திரும்பப் பெறப்பட்டது. ஒரு மொழி பேசும் மாநிலத்திலேயே இத்துணைச் சிக்கல் எனின், இருமொழி வழங்கும் ஊர்களில் எத்துணைப் பொறுமை வேண்டும்!

ஆதலின் நாம் பெயர் மாற்றம் வேண்டவில்லை. பலகையில் ‘கர’ இருக்கட்டும். அதன் கீழே ‘கரை’யும் இருக்கட்டும். பதிவேட்டில் இரு வடிவங்களும் ஓர் ஊரையே குறிக்கும் என ஒருமுறை எழுதிவைத்தால், உறுதிமொழிப் பத்திரத்திற்கு வேலையில்லை. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதலாம் என்று கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே இடம் தந்துள்ளது. அந்த உரிமையை நம்பி, நம் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதியுள்ளோம். ஊர்ப்பெயரை அன்னையார் சொன்னபடியே, ஐகாரத்தோடு எழுதினோம்.