அப்பா அண்ணாந்து பார்த்தபோது

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டியின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பச்சைச் சேலை, பெரிய பொட்டு, கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. அந்தச் சேலையைப் பாட்டி கட்டியதே இல்லை. அந்தச் சங்கிலியும் அவரிடம் இருந்ததில்லை. 1994-இல் பாட்டி இறந்தபோது, மரணத்தைப் பதியப் போன அப்பா அடையாள அட்டையை இலாகாவில் ஒப்படைத்துவிட்டு வந்தார். வீட்டில் மிஞ்சியது அந்த அட்டையின் நகல் ஒன்றுதான். கட்டைவிரல் அளவு முகம். அதைப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் தன் கற்பனைக்குச் சேலை கட்டி, நகை போட்டு, கன்னத்தையும் கொஞ்சம் ஊதிக் கொடுத்துவிட்டார். முப்பதாம் நாள் காரியத்துக்கு அதற்குத்தான் மாலை போட்டோம்.

"இது எங்கம்மா இல்ல" என்று அப்பா அன்றைக்குச் சொன்னதாக அம்மா சொல்வார். எனக்கு அப்போது ஐந்து வயது. எனக்குத் தெரிந்த பாட்டியின் முகமே அந்தக் கடைக்காரர் வரைந்த முகம்தான்.

எங்கள் குடும்பத்தில் மட்டும் நடந்த கதை அல்ல இது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்துகொண்டு படமும் கைநாட்டும் உள்ள அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டப்புறத்தில் பலருக்கு வாழ்நாளின் முதல் படம் அந்த அட்டைக்காக எடுத்ததுதான். சிலருக்குக் கடைசிப் படமும் அதே. யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. சந்தேகப்பட்டு எடுத்த படத்துக்குத்தான் பிறகு பிள்ளைகள் சூடம் காட்டினார்கள்.

நான் வானொலி அறிவிப்பாளர். குரலை வைத்துப் பிழைக்கிறேன். கேமரா கையில் வந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். நண்பர் ஒருவர் புதிது வாங்கியபோது அவருடைய பழைய நிக்கான் டி90-ஐயும் 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து டுரியான் துங்காலுக்கு மகளோடு வரும்போது அதையும் தூக்கி வருவேன். ஞாயிறு காலையில் நீர்த்தேக்கத்துப் பக்கம் மூன்று பேரும் கிளம்பிவிடுவோம்: நான், ஏழு வயது மகள், அப்பா.

அப்பா முதலில் துணைக்குத்தான் வந்தார். "பொம்பளப் புள்ளைங்க தனியா அங்க நிக்கக்கூடாது" என்பது அவர் சொன்ன காரணம். பிறகுதான் எனக்குப் புரிந்தது, எங்கள் மூவரில் படம் எடுக்கத் தெரிந்தவர் அவர்தான் என்று. கேமராவை அவர் தொட்டதுகூட இல்லை. ஆனால் பதினைந்து வயதிலிருந்து, தோட்டம் செம்பனைக்கு மாறும்வரை, பால்மரம் சீவியவர். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே நிரைக்குப் போய், வெளிச்சம் வருவதை ஒவ்வொரு நாளும் பார்த்த மனிதர். எப்போது வானம் வெளுக்கும், எந்தப் பக்கம் பனி கலையும், வெயில் எப்போது கண்ணைக் குத்த ஆரம்பிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் யூடியூப்பில் மூன்று மாதம் படித்த பாடம்.

முதல் நாள் ஒரு மீன்கொத்தியை விரட்டிக்கொண்டு கரையோரம் ஓடினேன். நான் நெருங்க நெருங்க அது பறந்தது. நாற்பது படம் எடுத்து, நாற்பதிலும் ஒரு நீலத் தீற்றல்தான் இருந்தது. அப்பா ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபடி சொன்னார்: "எதுக்கு ஓடுற? அது உக்காந்த குச்சியப் பாத்து வச்சுக்க. அங்கேயேதான் திரும்ப வரும். நீ சும்மா நில்லு."

நின்றேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதே குச்சிக்கு வந்தது, வாயில் ஒரு சின்ன மீனோடு. ஆயிரத்தில் ஒரு நொடி என்று ஷட்டரை வைத்து அழுத்தினேன். மார்பின் வெள்ளையும் அலகின் சிவப்பும் பளிச்சென்று வந்தன. மகள் கைதட்டியதில் பறவை போய்விட்டது. போகட்டும்.

அந்தக் கரையில் உட்கார்ந்தால் அப்பாவுக்குப் பேச்சு வரும். வீட்டில் வராத பேச்சு. 1991 வறட்சியில் இந்த நீர்த்தேக்கம் வற்றிப்போய், மலாக்கா முழுக்கத் தண்ணீருக்குத் தவித்தது. அப்போது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வாளியோடு வரிசையில் நின்ற கதையை அங்கேதான் கேட்டேன். எதிரே தண்ணீர் ததும்பிக் கிடக்க அந்தக் கதையைக் கேட்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஆனால் அப்பாவைப் படம் எடுக்க மட்டும் முடியாது. கேமரா திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வற்புறுத்தினால் நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, கண்ணை விரித்து, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் நிற்பார். அது அப்பா இல்லை, வேறு யாரோ. அவருக்கு எழுபது வயதாகப் போகிறது. கல்யாண வீடுகளில் எடுத்த கும்பல் படங்களைத் தவிர அவர் படம் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. இதை எழுதும்போதுகூட அந்தப் பச்சைச் சேலை கண்முன் வந்துபோகிறது.

போன மார்ச்சில் தஞ்சோங் துவான் போனோம். போர்ட்டிக்சன் பக்கத்தில், நெகிரி செம்பிலானுக்கு நடுவே இருந்தாலும் அது மலாக்கா மண்தான். 1863-இல் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று அங்கே இருக்கிறது. தென்புலத்தில் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து, வடக்கே தங்கள் கூடுகளுக்குத் திரும்பும். அந்த இடத்தில் கடலின் அகலம் சுமார் 38 கிலோமீட்டர்தான். சிறகடிக்காமல், சூடாகி மேலேறும் காற்றில் மிதந்து போகிற பறவைகள் இவை. கடல்மேல் அந்தக் காற்று சரியாகக் கிடைக்காது. அதனால் களைத்து, கரையைத் தொடும்போது மரத்தலைகளை ஒட்டித் தாழப் பறந்து வரும்.

எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்து, ஒன்றும் வராமல் நான் சலித்துக்கொண்டேன். "வெயில் ஏறட்டும்மா" என்றார் அப்பா. பத்தரைக்கு மேல் முதல் பருந்து வந்தது. பிறகு ஐந்து, பன்னிரண்டு. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். கேமராவை மேலே பிடித்துச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். என் கைத்தொலைபேசி மகளிடம் இருந்தது என்பதே நினைவில்லை.

இரவு வீட்டில் படங்களைப் பார்த்தோம். என் பருந்துகள் பரவாயில்லை ரகம். மகள் எடுத்தவற்றில் பாதி அவளுடைய செருப்பு. ஒன்று மட்டும் அப்பா. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். கடல் ஒரு பக்கம் சரிந்து கொட்டப் போவதுபோல் கிடக்கிறது. மூலையில் யாருடைய முழங்கையோ தெரிகிறது.

அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கத் தெரியாமல் பேத்தியிடம் நீட்டினார். அவள் முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள்.

"எங்கம்மா இப்படித்தான் பாப்பாங்க" என்றார். "விடியக்காலையில வாசல்ல நின்னு, மழ வருமா, இன்னைக்கு வேல உண்டா இல்லையான்னு. வாய் இப்படியேதான் இருக்கும்."

நானும் பார்த்தேன். முப்பது வருடமாகக் கூடத்தில் தேடிக் கிடைக்காத முகம் அப்பாவின் தாடைக்கும் உதட்டுக்கும் நடுவில் இருந்தது.

மறுநாள் அச்சிடக் கொண்டுபோனேன். எட்டுக்குப் பத்து அளவு. கடையில் இருந்த பையன் திரையில் பார்த்துவிட்டு, "கடல் சாஞ்சிருக்குக்கா, நேராக்கிடவா? அந்தக் கையையும் எடுத்துடலாம்" என்றான். ஒன்றையும் தொடவேண்டாம் என்றேன்.

சட்டம் போட்டுக் கொண்டுவந்ததும் எங்கே மாட்டுவது என்று ஒரு சின்ன சண்டை. கூடத்தில், பாட்டி படத்துக்குப் பக்கத்தில் என்றேன். "அங்க வேணாம், நான் இன்னும் இருக்கேன்ல" என்று அப்பாவே ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். இப்போது அரிசி டின்னுக்கு மேலே தொங்குகிறது.