மஞ்சள் விளக்கின் சாட்சியம்

காரின் முன்பலகையில் எஞ்சின் வடிவில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு உண்டு. சாவியைத் திருப்பும்போது எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது அணைந்துவிட வேண்டும். அணையாது நின்றால் எங்கோ கோளாறு என்பது பொருள். அந்த விளக்கிடம் நாம் பாடம் கேட்ட கதையை இங்கே எழுதப் புகுந்தோம். அதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை. எனினும் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

நம்முடையது 2014ஆம் ஆண்டு பெட்ரோல் கார். திருநெல்வேலியில் ஒரு நிக்காஹ் வைபவத்திற்குச் சென்று காயல்பட்டினம் திரும்பும் வழியில், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியதும் அவ்விளக்கு எரியத் தொடங்கியது. ஓட்டத்தில் குறை ஏதும் தெரியவில்லை. 'வண்டிதான் ஓடுகிறதே!' என்று நான்கு மாதங்களை ஓட்டிவிட்டோம். அதற்குள் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்த கார் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் முற்றமெங்கும் பெட்ரோல் வாடை. சைலன்சர் முனையில் கறுப்பாகக் கரி.

பக்கத்து ஒர்க்ஷாப்பில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார்கள். 'பி 0171' என்ற குறியீடு வந்தது. காற்றின் அளவுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பது அதன் பொருள். இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார்கள். பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள். குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் மீண்டும் எரிந்தது.

இந்நிலையில்தான் காரை விற்க நேர்ந்தது. வாங்க முன்வந்தவர் வேறு யாருமல்லர், நம் தமக்கை மகன். தமக்கைக்குச் சிறுநீரகச் சிகிச்சை. வாரம் இருமுறை திருநெல்வேலி மருத்துவமனைக்குச் சென்று வரவேண்டும். வாடகைக் காருக்குக் கொடுத்து மாளாததால், "மாமா, உங்கள் காரையே எனக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார். விலையும் பேசி முடித்தோம்.

நண்பர் ஒருவர் நமக்கு ஒரு யோசனை சொன்னார். "அவர் பார்க்க வரும் அன்று காலையில் ஸ்கேனரை வைத்து அழித்துவிடுங்கள். இரண்டு நாள் விளக்கு எரியாது. பிறகு எரிந்தால் பழைய வண்டிதானே!" கேட்டபோது தவறு என்று தோன்றியது. தோன்றியும் அப்படியே செய்தோம். மாலையில் மருமகன் வந்தார். சாவியைத் திருப்பினார், விளக்கு எரிந்து முறைப்படி அணைந்தது. காரைச் சுற்றி வந்து பின்பக்கம் குனிந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. முன்பணத்தை நம் கையில் வைத்துவிட்டு, தேநீர் அருந்திப் போய்விட்டார்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. அந்தக் காரின் பின்னிருக்கையில் சாய்ந்தபடி வரப்போவது நம்மைத் தூக்கி வளர்த்த தமக்கை. சிகிச்சை முடிந்து களைத்துத் திரும்பும் வேளையில் கார் நடுவழியில் நின்றுவிட்டால்? பெட்ரோல் வாடை அவர்களுக்குக் குமட்டினால்? விடிந்ததும் முன்பணத்தை எடுத்துக்கொண்டு போய், நடந்தது முழுவதையும் மருமகனிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சைலன்சர் முனையில் அந்தக் கரியை நேற்றே பார்த்தேன், மாமா. நீங்களே சொல்வீர்கள் என்று இருந்தேன்" என்றார். பணத்தை வாங்கிக்கொள்ள மறுத்து, "இருவருமாகப் போய்ச் சரி பார்ப்போம்" என்று காரை எடுத்தார். தூத்துக்குடியை அடைவதற்குள் விளக்கு மீண்டும் எரிந்துவிட்டது.

அங்கே நாம் கண்ட மெக்கானிக் வயது முதிர்ந்தவர். ஸ்கேனரைத் தொடுமுன் சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுக் கரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகே குறியீட்டைப் படித்தார். "பெட்ரோல் போதவில்லை என்கிறது குறியீடு. பெட்ரோல் மிஞ்சிப் போய் எரியாமல் வருகிறது என்கிறது கரி. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது, பாய். ஸ்கேனர் குற்றவாளியைப் பிடித்துத் தராது. புகாரைத்தான் எழுதித் தரும். விசாரிப்பது நம் வேலை" என்றார். அவர் ஐயம் கொண்டது ஆக்ஸிஜன் சென்சார் மீது.

சைலன்சர் குழாயின் தொடக்கத்தில், கட்டைவிரல் பருமனில் திருகப்பட்டிருக்கும் உணர்கருவி அது. புகையில் மிஞ்சியுள்ள பிராணவாயுவை அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்வது அதன் பணி. உள்ளே சிர்கோனியா என்னும் பீங்கான் வகை உள்ளது. அதன் ஒருபுறம் வெளிக்காற்று, மறுபுறம் புகை. முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறியதும் இருபுறத்துப் பிராணவாயு வேறுபாட்டுக்கு ஏற்ப அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. இதன் அடிப்படை விதியை வகுத்தவர் 1920ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட். 1976இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இக்கருவியைக் காருக்கென உற்பத்தி செய்யத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட வால்வோ கார்கள் இதை முதலில் ஏற்றன.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் சென்சார் 0.9 வோல்ட் அளவும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவும் காட்டும். கணினி அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். நம் சென்சார் தளர்ந்துபோய், எப்போதும் தாழ்ந்த அளவையே காட்டி வந்திருக்கிறது. கணினி அதை நம்பி மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றியிருக்கிறது. எரியாத பெட்ரோல், புகையைத் தூய்மையாக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரில் புகுந்து எரிந்தால் அதுவும் அளவுமீறிச் சூடேறிக் கெடும். அதன் விலை சென்சாரைப் போலப் பல மடங்கு. பெட்ரோல் மிகுந்து எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சும் பெருகும். நான்கு மாதங்களாக நம் தெருப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அதைத்தான் கக்கிக்கொண்டிருந்தோம்.

ஐயம் கொண்டதாலேயே அவர் சென்சாரைக் கழற்றிவிடவில்லை. சென்சாருக்கு முன்னால் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து இதே பொய்த்தோற்றம் உண்டாகுமாம். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஸ்டார்ட் செய்து இணைப்புகளில் காதை வைத்துக் கேட்டார், கசிவில்லை. கடற்கரை ஊர்க் கார்களில் உப்புக்காற்றால் வயர் கனெக்டர் பச்சை பூப்பதுண்டு. திறந்து பார்த்தார், சுத்தமாக இருந்தது. சென்சாரின் ஹீட்டரை மீட்டர் வைத்து அளந்தார், அதிலும் பழுதில்லை. கடைசியாக, எஞ்சின் சூடாக ஓடும்போது காற்று செல்லும் வழியில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவு பீய்ச்சினார். நல்ல சென்சார் கணத்தில் 0.9க்குத் தாவ வேண்டும். இது நத்தைபோல் ஏறி 0.4இல் நின்றுவிட்டது. "இப்போது மாற்றலாம்" என்றார்.

பாட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்து, கனெக்டரைப் பிரித்தார். குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, துருநீக்கும் எண்ணெய் விட்டு, வயர் நுழையப் பிளவுள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட்டால் பழையதைக் கழற்றினார். அதன் மூக்கெல்லாம் கரி. புதியதன் முனையில் விரலோ கிரீஸோ படாமல், முதலில் கையாலேயே திருகி, பிறகு அளவாக முறுக்கினார். வயர் சுடுகுழாயில் படாமல் கிளிப்பில் மாட்டினார். அதன்பின்தான் குறியீட்டை அழித்தார். ஸ்கேனர் திரையில் கோடு 0.1க்கும் 0.9க்கும் இடையே விரைவாக ஏறி இறங்கத் தொடங்கியது.

நாம் அன்று காலையில் அழித்ததும் இதே குறியீட்டைத்தான். அழுத்தியதும் இதே பொத்தானைத்தான். அவர் கோளாறை நீக்கிவிட்டு அழித்தார். நாம் கோளாறை வைத்துக்கொண்டு அழித்தோம். அந்த வேறுபாடு அருகே நின்ற மருமகனுக்கும் தெரியும். அவர் நம் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது நமக்கு அவர் செய்த மரியாதை.

சென்சார் விலையையும் கூலியையும் நாமே கொடுத்தோம். கார் பேசிய விலைக்கே கைமாறியது. இரண்டு வாரம் கழித்துத் தமக்கையைப் பார்க்கச் சென்றபோது, மருமகன் கார்ச் சாவியை நம்மிடம் நீட்டி, "ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், மாமா, இப்போது பதினைந்துக்கு மேல் கொடுக்கிறது" என்றார். தமக்கை பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார்கள். சாவியைத் திருப்பினோம். மஞ்சள் விளக்கு எரிந்தது. அது அணையும்வரை காத்திருந்து, பிறகே காரை நகர்த்தினோம்.