ஆழத்தில் ஏறியிறங்கும் சிறு மோட்டார்

ஆழ்கடலை ஆராய்வோர் பெருங்கப்பல்களையும் வலிய எந்திரங்களையுமே நம்பியிருப்பர் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால், உறைபனி மூடிய வடதுருவக் கடலின் உள்நிலையை மாதக் கணக்கில் அளந்து தரும் பொறுப்பு ஒரு சிறு மோட்டாரின் மீது சுமத்தப்பட்டிருக்கிறது. அதைப் பற்றிப் படித்தபோது, மாணவரைச் சோதிப்பதையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட எனக்கு, சோதனை என்பதன் பொருளே புதிதாய் விளங்கியது.

அமெரிக்காவிலுள்ள வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தார் உருவாக்கிய அக்கருவி, 2004ஆம் ஆண்டில் போஃபோர்ட் கடலில் முதன்முதலாக இறக்கப்பட்டது. மிதக்கும் பனிப்பாளத்தில் துளையிட்டு, பிளாஸ்டிக் உறையிட்ட எஃகு வடம் ஒன்றைத் தொங்க விடுகின்றனர். மேலே மிதவை; கீழ் நுனியில் எடைக்குண்டு. அளவுகோல்களைத் தாங்கிய உருளை ஒன்று அவ்வடத்தைப் பற்றிக்கொண்டு, 7 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் வரை இறங்கி ஏறுகிறது. அது திரட்டும் செய்திகள் வடத்தின் வழியே மிதவையை அடைந்து, அங்கிருந்து செயற்கைக்கோள் மூலம் கரை சேருகின்றன.

இத்துணை முயற்சி எதற்கு? அக்கடலின் மேற்பரப்பு நீர் உறையும் குளிரில் இருக்க, சில நூறு மீட்டர் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான நீர் மறைந்து கிடக்கிறது. உப்பு மிகுந்து கனத்திருப்பதால் அது மேலெழுவதில்லை. அவ்வெப்பம் மேலே வருமாயின் பனிக்கு என்ன நேரும் என்பதை விளக்கவேண்டியதில்லை. அதைக் கண்காணிக்கும் கருவியை இடம்விட்டு இடம் கொண்டு செல்வது அந்த மோட்டாரே.

மோட்டார் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது; சக்கரம் வடத்தோடு அழுந்தி உருளுகிறது. வேகம் வினாடிக்கு 25 சென்டிமீட்டர் அளவே. ஒருமுறை இறங்க 50 நிமிடம் ஆகும். மின்கலத்தில் உள்ளதே அதன் கட்டுச்சோறு. ஆகவே உருளையின் எடையை, நீரில் மிதக்காமலும் அமிழாமலும் நிற்குமாறு நுட்பமாகச் சரிசெய்கின்றனர். தராசையும், சொல்லின் வடிவை அளக்கும் இலக்கண வாய்பாட்டையும் அறபியில் ‘மீஸான்’ என்றே சொல்வோம். இங்கும் மீஸான் பிசகினால், மோட்டார் ஒவ்வொரு பயணத்திலும் வீண்சுமை இழுத்து மின்கலத்தைத் தீர்த்துவிடும். நெடுநாள் உழைப்பதற்கு வலிமையைக் கூட்டுவதைவிடச் சுமையைக் குறைப்பதே வழி என்பது இதனால் பெறப்படும்.

கரையில் இருக்கும்போதே மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கின்றனர். சுமையின்றி ஓடும்போது எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது, சுமையேறும்போது எவ்வளவு கூடுகிறது என்று குறித்துக்கொள்கின்றனர். பனிக்கடியில் போனபின் கைகொடுப்பார் எவருமில்லை. தேறியதென்று சான்றளிப்பதற்காக மட்டும் அச்சோதனை நடப்பதன்று. பின்னர் தொலைவிலிருந்து வரும் எண்களுக்குப் பொருள் காண அந்தக் குறிப்பே உரைகல்லாகிறது.

சக்கரம் வழுக்கினாலோ வழியில் தடை நேர்ந்தாலோ கருவி ஓரிடத்தில் நின்றுவிடும். அப்போதும் வெப்பமானி அளந்துகொண்டிருந்தால் எண்கள் மாறாமல் வரும். கடலே ஒரே சீராய் இருக்கிறதென்று காண்போர் மயங்கக்கூடும். நீரின் அழுத்தம் மாறாதிருப்பதும் மோட்டாரின் மின்னோட்டம் வழக்கத்துக்கு மாறாயிருப்பதும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். எனவே, கடலின் செய்தியோடு மோட்டாரின் செய்தியும் சேர்த்தே பதிவாகிறது.

கொணர்ந்த செய்தியை மட்டும் பார்த்தால் போதாது. கொணர்ந்தவரின் நிலையையும் ஆராய வேண்டும். ஏட்டுக் கல்விக்குரியதென நான் கருதியிருந்த இந்நெறி, காரிருள் சூழ்ந்த பனிக்கடலின் அடியிலும் செல்லுபடியாவதைக் காண்கிறேன். இதுவரை நூற்றுக்கு மேற்பட்ட கருவிகள் அப்பனியில் இறக்கப்பட்டுள்ளன. அவை அனுப்பிய எண்களை உலகம் நம்புவதற்கு, தம் குறையையும் மறைக்காது அறிவிக்குமாறு அவை அமைக்கப்பட்டதும் ஒரு காரணமாகும்.